அவள் நன்றி சொல்கிறாள்

உங்கள் பயிற்சியின் கடைசி நாளில் அரை மணித்தியாலம் வந்து கதையுங்கள் என்று கேட்டார்கள். புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு உற்சாகமாக இருக்க வேண்டும், ஏதாவது வெற்றி பெற்ற கதையாகச் சொல்லுங்கள் என்றார்கள். சொல்கிறேன். முப்பது வருடத்துக்கு மேல் இந்தத் தொழிலில் இருந்தும் அதைப்போல இன்னொரு வெற்றியை நான் பார்க்கவில்லை. ஆனால் அது ஒரு பொய்யில் தொடங்கியது. அந்தப் பொய்யைச் சொன்னவன் நான். அதை விட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் சொன்னால் நீங்கள் கைதட்டுவீர்கள், எனக்குத்தான் சோறு இறங்காது.

உங்களைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது, மறைக்கவில்லை. சான்றிதழ் இருக்கிறது, ஒழுக்க விதி இருக்கிறது, பிழை விட்டால் கேட்டுச் சொல்ல ஆள் இருக்கிறது. எங்கள் காலத்தில் ஒரு மண்ணும் இல்லை. இந்தத் தமிழனுக்கு நாலு வசனம் டொச், அதுதான் ஜெர்மன் மொழி, வரும் என்று ஊரில் கதை பரவினால் போதும், அடுத்த நாள் காலை அவன் மொழிபெயர்ப்பாளன்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. சுவிசில் சோலோதுர்னுக்குப் பக்கத்தில், ஆற்றங்கரையில் ஒரு சின்ன ஊர். நான் அங்கே ஒரு ரெஸ்ரோறன்ற் குசினியில் பாத்திரம் கழுவினேன். பெரிய சமையல்காரர் என்னைத் திட்டித் திட்டியே டொச் பழக்கிவிட்டார். அகதி விண்ணப்பம் கொடுத்து இரண்டு வருடமாகியும் பதில் வரவில்லை. அந்த நிலையில் பாடசாலை அதிபர் என்னைக் கூப்பிட்டுக் கை கொடுத்து, நாற்காலி காட்டி, "ஐயா" என்றபோது எனக்குத் தலைகால் தெரியவில்லை. பகலில் சட்டி உரஞ்சுகிறவனை ஒரு மேசைக்கு முன்னால் இருத்தினால் சும்மாவா?

அந்த மேசையில்தான் வதனியைக் கண்டேன். பதின்மூன்று வயது. இரட்டைப் பின்னல், முழங்கால் வரை பெரிய ஆளின் கோட்டு. தகப்பன் ஊரில் கூட்டுறவுச் சங்க மனேஜராக இருந்தவர், இங்கே என்னைப்போலவே இன்னொரு குசினியில் நின்றார். அன்றைக்கு ரை கட்டி வந்திருந்தார். எதிரே அதிபர். மேசையின் ஓரத்தில் கூட்டக் குறிப்பு எழுதுகிற பெண்மணி. ஐம்பது வயதிருக்கும், மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்தார், சிரித்து நான் பார்த்ததில்லை.

அதிபர் சொன்ன விசயம் இதுதான். பிள்ளைக்கு மொழி போதாது. ஆகவே அவளை உதவி வகுப்பில் விடுவது நல்லது. உதவி வகுப்பு என்றால் மூளை கொஞ்சம் மந்தமான பிள்ளைகளுக்கு என்று வைத்த வகுப்பு. அதற்குள் ஒருமுறை போனால் செக்குண்டார் என்கிற மேல்நிலை வகுப்புக்குப் போகிற பரீட்சை எழுத முடியாது. செக்குண்டார் இல்லையென்றால் நல்ல தொழில் பயிற்சி ஒன்றும் கிடையாது. அதாவது தகப்பன் கழுவுகிற அதே சட்டியை மகளும் கழுவலாம். இதையெல்லாம் அதிபர் இவ்வளவு வெளிச்சமாகச் சொல்லவில்லை, எனக்குத்தான் தெரியும்.

தகப்பன் கேட்டுவிட்டு, "ரீச்சர்மார் சொன்னாச் சரி தம்பி, நாங்கள் என்னத்தைக் கண்டனாங்கள்" என்று பேனையைக் கையில் எடுத்துவிட்டார். எங்கள் ஆட்களைத் தெரியும்தானே. வாத்தியாருக்கு முன்னால் போனால் முதுகு தானாக வளையும்.

அப்போது வதனி வாயைத் திறந்தாள்.

"அப்பா, கையெழுத்து வையாதேங்கோ. நான் ஊரில ஐந்தாம் வகுப்பு ஸ்கொலசிப் பாஸ் பண்ணினனான். எனக்கு டொச்தான் தெரியாது, கணக்குத் தெரியும். ஒரு கணக்குத் தாளைத் தரச் சொல்லுங்கோ, இதில இருந்து செய்து காட்டுறன்."

தகப்பனின் முகம் கறுத்துவிட்டது. பெரியாக்கள் கதைக்கேக்க என்ன வாய் என்று பல்லைக் கடித்தார். அதிபர் என்னைப் பார்த்து, பிள்ளை என்ன சொல்கிறாள் என்று கேட்டார்.

நான் அந்தத் தகப்பனின் வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன். ஒரு பெட்டைப்பிள்ளை அதிபருக்கு எதிர்க்கதை சொன்னாள் என்று என் வாயால் எப்படிச் சொல்வது? அந்த மனுசனுக்கு மானக்கேடு அல்லவா? எனக்கும் அப்படித்தான் வளர்ப்பு. சின்னன்கள் சபையில் சொன்னதைப் பெரியவர்கள் காதில் விழுத்தக்கூடாது, விழுந்தாலும் விழாத மாதிரி இருக்க வேண்டும்.

"அவள் நன்றி சொல்கிறாள்," என்றேன்.

அதிபர் மகிழ்ச்சியாகத் தலையாட்டினார். ஓரத்தில் இருந்த பெண்மணி பேனையை வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு குனிந்து எழுதினார். மாணவி நன்றி தெரிவித்தார். தகப்பன் கையெழுத்து வைத்தார்.

வெளியே வந்ததும் தகப்பன் என் கையைப் பிடித்து, மானத்தைக் காப்பாற்றிவிட்டாய் தம்பி என்றார். வதனி படியில் நின்று என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்த டொச் அப்போது பத்துச் சொல். அதில் நன்றியும் ஒன்று.

"மாமா, நான் நன்றி சொல்லேல்லையே," என்றாள்.

நான் சைக்கிள் பூட்டைத் திறந்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வேறென்ன செய்ய?

உதவி வகுப்பு பாடசாலையின் நிலக்கீழ் அறையில் நடந்தது. இந்த நாட்டில் எந்தப் பெரிய கட்டடத்தின் கீழும் குண்டுக்குத் தப்புகிற பங்கர் இருக்கும், உங்களுக்குத் தெரியும். அதன் தடித்த கதவுக்குப் பக்கத்து அறை. சன்னல் மேலே பாதிதான், அதால் பார்த்தால் முற்றத்தில் விளையாடுகிற பிள்ளைகளின் சப்பாத்து மட்டும் தெரியும். குண்டுக்குத் தப்பி வந்த பிள்ளையைக் கொண்டுபோய்ப் பங்கருக்குப் பக்கத்தில் இருத்தினார்கள். பன்னிரண்டு பேர். மூன்று தமிழ்ப் பிள்ளைகள், மிச்சம் இத்தாலி, துருக்கி, போர்த்துக்கல், யுகோஸ்லாவியா. ஒரு சுவிஸ் பிள்ளைகூட இல்லை. மூளை மந்தம் என்பது எல்லைக்கு வெளியேதான் பிறக்கும்போல. வதனி அங்கே ஏழும் ஐந்தும் எத்தனை என்று பாசி மணியில் எண்ணினாள், கடதாசி வெட்டி ஒட்டினாள். தகப்பன் ஒருநாள் குசினிக்கு வந்து, பிள்ளை வீட்டில் கதைக்கிறதில்லை தம்பி என்றார். நேரே போய் அதிபரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பயம். என் விண்ணப்பம் தலைநகர் பேர்னில் எந்தப் பெட்டிக்குள் கிடக்கிறதோ, அதற்குப் பக்கத்தில் பொய் சொன்ன மொழிபெயர்ப்பாளன் என்று ஒரு கடதாசி போய்விட்டால்?

பனிக்காலம் பாதி போயிற்று. செக்குண்டார் பரீட்சைக்குப் பெயர் கொடுக்க இரண்டு கிழமைதான் இருந்தது. ஒரு காலை எட்டரைக்கு ரெஸ்ரோறன்றுக்கு ரெலிபோன் வந்தது. அதிபர் பேசினார். வெளிநாட்டுப் பிள்ளைகள் கலகம் செய்கிறார்கள், உடனே வாருங்கள் என்றார். சமையல்காரர் கீரையைக் கழுவிவிட்டுப் போ என்று கத்தினார். நான் ஏப்ரனைக் கழற்றாமலே சைக்கிளை மிதித்தேன்.

இரண்டாம் மாடிக்கு ஏறினேன். அங்கே நான் கண்ட கலகம் என்ன தெரியுமா? பன்னிரண்டு சோடி வீட்டுச் செருப்பு.

இங்கே பிள்ளைகள் வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வகுப்புக்கு வெளியே ஃபிங்கன் என்கிற துணிச் செருப்பு மாட்டுவார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு கொளுக்கி, அதன் கீழே பெயர், அதன் கீழே செருப்பு. இந்த வகுப்புக்காரன் அந்த வகுப்புக் கொளுக்கியைத் தொட மாட்டான். பங்கர் அறைப் பிள்ளைகள் தங்கள் செருப்புகளைக் கீழேயிருந்து தூக்கி வந்து, செக்குண்டார் கணக்கு வகுப்பின் வாசலில், சுவரோரம், நூல் பிடித்த மாதிரி வரிசையாக வைத்திருந்தார்கள். வைத்துவிட்டு காலுறையோடு தரையில் சப்பாணி கட்டி இருந்தார்கள். மடியில் கொப்பி. வகுப்புக் கதவு திறந்திருந்தது. உள்ளே வாத்தியார் கரும்பலகையில் எழுதுகிற கணக்கை இவர்கள் வெளியே இருந்து செய்துகொண்டிருந்தார்கள். ஒரு சத்தம் இல்லை.

இந்த யோசனை எப்படி வந்தது என்று பிறகு கேட்டு அறிந்தேன். எங்கள் ஊரில் மாணவர் போராட்டம் என்றால் பகிஷ்கரிப்புத்தான், வகுப்புக்குப் போகாமல் விடுவது. வதனி முதலில் அதைத்தான் சொல்லியிருக்கிறாள். மரீனா என்கிற இத்தாலிப் பிள்ளை சிரித்தாளாம். நாங்கள் வராவிட்டால் இவர்களுக்கு நிம்மதி, சோம்பேறிகள் என்று எழுதிவிட்டுப் போவார்கள், அதனால் எல்லோரும் நேரத்துக்கு வருவோம், கீழே மட்டும் போக மாட்டோம் என்றாளாம். அடி சக்கை! படிக்க வந்து பகிஷ்கரித்த பிள்ளைகளை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அதிபருக்கு அது விளங்கவில்லை. அவர் கெட்ட மனிதர் அல்ல, ஒழுங்கு குலைந்தால் மூச்சு முட்டுகிற மனிதர். நேற்றுவரை டொச்சில் கதைத்த வதனி இன்றைக்குத் தமிழைத் தவிர ஒன்றும் கதைக்க மாட்டேன் என்கிறாள் என்று முறையிட்டார். மொழிபெயர்ப்பாளர் வர வேண்டும், கூட்டக் குறிப்பு எழுதுகிறவர் வர வேண்டும், அப்போதுதான் பதில் என்று ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக் கொடுத்திருந்தாள். அதனால் அந்தப் பெண்மணியும் கொப்பியோடு ஒரு நாற்காலியில் வந்து இருந்தார்.

அதிபர் சொன்னார்: "பத்து மணி இடைவேளைக்கு முன் நீங்கள் கீழே போகாவிட்டால், வெளிநாட்டவர் பொலிசுக்கு நான் அறிவிக்க வேண்டி வரும்."

அந்தக் காலத்தில், அகதிகளைத் திருப்பி அனுப்புகிற அந்தப் பொலிசின் பெயரைக் கேட்டால் வளர்ந்த ஆம்பிளைகளுக்கே காய்ச்சல் வரும். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு இதைச் சொல்வதா? என் பழைய வளர்ப்பு தலையைத் தூக்கியது. கொஞ்சம் தணித்து, அதிபர் கவலைப்படுகிறார் என்று சொல்லிவிடலாம். வதனி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு டொச் விளங்கும். நான் எதை விடுகிறேன் என்று பார்க்கிறாள். வார்த்தை குறையாமல் சொன்னேன்.

அவள் எழும்பவில்லை. இருந்தபடியே, ஆறுதலாகச் சொன்னாள்.

"போன ஐப்பசி நான் கணக்குத் தாள் கேட்டனான். மொழிபெயர்ப்பாளர் அதைச் சொல்லேல்லை. நான் நன்றி சொன்னதாப் பொய் சொன்னவர். அந்தப் பொய்யை வைச்சுத்தான் என்னைக் கீழ விட்டவை. நாங்கள் கீழ போகமாட்டம். எங்களுக்குப் பரீட்சை வேணும்." பிறகு என்னைப் பார்த்து, "மாமா, இண்டைக்கு ஒண்டும் விடாமச் சொல்லுங்கோ" என்றாள்.

தம்பி தங்கச்சிமாரே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அந்த வகுப்பு வாசலில் தமிழ் தெரிந்தவர்கள் எங்கள் மூன்று பிள்ளைகளும் நானும்தான். "எங்களுக்கு அநியாயம் நடந்தது, பரீட்சை வேண்டும்" என்று நான் சொல்லியிருந்தால் போராட்டமும் போராட்டமாக இருந்திருக்கும், நானும் தப்பியிருப்பேன். என் விண்ணப்பம், என் வேலை, "ஐயா" என்ற அந்த மரியாதை எல்லாம் அந்த மூன்று செக்கனில் கண்ணுக்கு முன்னால் வந்தது. நனைந்த ஏப்ரனை இரண்டு கையாலும் முறுக்கிப் பிடித்தேன், குளிருக்குத்தான் என்று இப்போதும் எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அது பயம்தான்.

சொன்னேன். பிள்ளை சொன்ன ஒழுங்கிலேயே, பொய் என்ற சொல்லைப் பொய் என்ற சொல்லாகவே டொச்சில் வைத்தேன்.

அதிபர் குழம்பிப்போய், எந்த மொழிபெயர்ப்பாளர் என்று கேட்டார். நான்தான் என்றேன். அது உண்மையா என்றார். உண்மை என்றேன்.

அப்போது அந்தப் பெண்மணி எழுந்தார். மூக்குக் கண்ணாடியைப் போட்டார். அன்றைக்கு இந்தப் பிள்ளை ஒரு நிமிடத்துக்கு மேல் பேசினாள், ஆனால் எனக்குக் கிடைத்தது ஒரு சொல், அதை எழுதிவிட்டு மாதக்கணக்காக அது எனக்கு உறுத்துகிறது என்றார். பிறகு அதிபரைப் பார்த்து, "குறிப்புப் பிழை. பிழையான குறிப்பின் கீழ் வைத்த கையெழுத்து செல்லாது. அந்தக் கூட்டம் நடக்கவே இல்லை," என்றார்.

எனக்கு அவரைக் கும்பிட வேண்டும்போல இருந்தது. இந்த நாட்டில் கண்ணீர் விட்டால் பாவம் என்பார்கள், கத்தினால் முறையில்லை என்பார்கள், ஆனால் கடதாசி பிழை என்று சொல்லிவிட்டால் ஊரே எழுந்து நிற்கும். வதனி நாலு மாதத்தில் அதைக் கண்டுபிடித்துவிட்டாள். நான் இரண்டு வருடமாக மண்டைக்குள் வைத்திருந்தது சட்டிதான்.

இன்னொன்றும் நடந்தது. கணக்கு வாத்தியார் கதவடிக்கு வந்து வதனியின் கொப்பியை வாங்கினார். நின்றபடியே சிவப்புப் பேனையால் திருத்தினார். எல்லாம் சரி. கொப்பியை அவளிடம் கொடுக்காமல் அதிபரிடம் நீட்டினார். அதிபர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். பத்து மணி அடித்தது. யாரும் கீழே போகவில்லை. யாரும் பொலிசைக் கூப்பிடவும் இல்லை.

பன்னிரண்டு பேரின் கோப்புகளையும் பாடசாலைக் குழு எடுத்துப் பார்த்தது. எட்டுப் பேரின் கூட்டத்தில் மொழிபெயர்ப்பாளரே இருந்திருக்கவில்லை. காட்டின இடத்தில் தாய்தகப்பன் கையெழுத்தைக் கீறியிருந்தார்கள். எல்லாக் கூட்டத்தையும் திரும்ப வைக்க வேண்டும் என்று முடிவாயிற்று. என்னிடம், தேவைப்பட்டால் கூப்பிடுகிறோம் என்றார்கள். அதன் பொருள் உங்களுக்குத் தெரியும். நான் குசினிக்குத் திரும்பிச் சட்டியை எடுத்தேன். வெட்கமாக இருந்தது, ஆனால் நாலு மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

மூன்றாம் நாள் அந்தப் பெண்மணியே ரெலிபோன் எடுத்தார். வதனியின் தகப்பன் வேறு ஆளை வேண்டாம் என்கிறாராம். குழுவில் சிலர் முகம் சுளித்தார்களாம். தனக்கெதிரான குற்றச்சாட்டைத் தானே ஒரு சொல் குறையாமல் மொழிபெயர்த்த ஆளை நம்பாமல் வேறு யாரை நம்புவது என்று தான் கேட்டதாக, இரண்டு தரம் இருமிக்கொண்டு சொன்னார்.

திரும்ப அதே மேசை. தகப்பன் அதே ரை. அதிபர் பேச வாயெடுக்க, தகப்பன் கையை உயர்த்தினார். தன் வாழ்நாளில் ஒரு வாத்தியாரை அந்த மனுசன் இடைமறித்தது அதுதான் முதல் தடவை.

"பிள்ளை முதல்ல கதைக்கட்டும் தம்பி. அதுக்குப் பிறகு நான் கதைக்கிறன்."

வதனி கதைத்தாள். மூச்சு விடாமல் கதைத்தாள். நான் மூச்சு விடாமல் சொன்னேன். பெண்மணி மூன்று பக்கம் எழுதினார்.

பன்னிரண்டு பேரும் பரீட்சை எழுதினார்கள். ஒன்பது பேர் செக்குண்டாருக்குப் பாஸ். மரீனாவும் அதில் ஒருத்தி. மிச்ச மூன்று பேரை மேல்மாடிச் சாதாரண வகுப்பில் விட்டு, பின்னேரம் தனியாக டொச் படிப்பித்தார்கள். பங்கருக்குப் பக்கத்து அறையில் பனிச்சறுக்குப் பலகைகளை அடுக்கிப் பூட்டினார்கள். வதனிக்குக் கணக்கில் முழுப் புள்ளி, அந்த ஊரில் வேறு ஒருவருக்கும் அது கிடைக்கவில்லை.

முடிவு சொல்லப் பெற்றோரை மேலே கூப்பிட்டார்கள். தகப்பனுக்காக நானும் போனேன். இரண்டாம் மாடி நடையில் புதிதாக ஒன்பது கொளுக்கி அடித்திருந்தார்கள். அதில் ஒன்றின் கீழ் வதனியின் பெயர், அதன் கீழ் அவளுடைய சிவப்புத் துணிச் செருப்பு. தகப்பன் குனிந்து அதைத் தொட்டுப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று மூக்கைத் துடைத்தார்.

அதிபர் முடிவை வாசித்துவிட்டு எழுந்து வந்து வதனிக்குக் கை கொடுத்தார். உன்னை நான் சரியாகப் பார்க்கவில்லை, மன்னித்துக்கொள் என்றார். எல்லோர் முன்னாலும் சொன்னார், அந்த மனிதரைச் சும்மா சொல்லக்கூடாது. வதனிக்கு அப்போது டொச் என்னைவிட நன்றாக வரும். ஆனால் அவள் திரும்பி என்னைப் பார்த்துத் தமிழில் கதைத்தாள்.

"மாமா, அண்டைக்கு நீங்கள் சொன்னதை இண்டைக்குச் சொல்லுங்கோ."

அதிபர் என்னைப் பார்த்தார். பிள்ளை என்ன சொல்கிறாள்?

"அவள் நன்றி சொல்கிறாள்," என்றேன்.

ஓரத்தில் அந்தப் பெண்மணி பேனையை நிறுத்தினார். மூக்குக் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்க்கவில்லை, வதனியைப் பார்த்தார். உண்மையாகவா என்று கேட்டார்.

வதனி தலையாட்டினாள். அதற்குப் பிறகுதான் அவர் எழுதினார்.